நின்றுபோன வண்டியும் கடந்துபோகும் நாமும்

2023 செப்டம்பர் 11 அன்று விடியும் வேளையில், திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, பெங்களூர் - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுலா வேன் பஞ்சராகி நின்றது. கர்நாடகம் சென்று ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருந்தார்கள். சக்கரத்தைச் சரிசெய்யும் வரை காத்திருக்கலாம் என்று பெண்கள் சிலர் இறங்கி, வண்டிக்கு முன்பாக அமர்ந்தார்கள். பின்னால் வந்த சரக்கு வாகனம் நின்ற வேன் மீது மோத, வேன் முன்னே தள்ளப்பட்டு அவர்கள் மீதே ஏறியது. ஏழு பெண்கள் உயிரிழந்தனர்.

இவர்கள் செய்த தவறு என்ன? பழுதாகி நின்ற வண்டியின் அருகிலேயே உட்கார்ந்தார்கள். அதைத்தான் நாம் எல்லோரும் செய்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மக்களோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும் வழியில், நள்ளிரவில் எங்கள் வேனும் இப்படி நின்றது. தாய்மார்கள் இறங்கி வண்டியின் பின்னால் தார்ச்சாலையின் ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். "சும்மா இருப்பானேன், ஒரு செபமாலை சொல்லலாம் சாமி" என்றார் ஒரு பாட்டி. நாங்களும் சொன்னோம். லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் காற்று வந்து முகத்தில் அடித்தது. 'எழுந்து வயல் பக்கம் தள்ளிப் போங்கள்' என்று சொல்ல வேண்டும் என்று குருவான நமக்கும் தோன்றவில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. நாட்றம்பள்ளிச் செய்தியைப் படித்த நாளில்தான் அந்த இரவு நினைவுக்கு வந்து நம்மை நடுங்க வைத்தது.

இத்தகைய விபத்துகள் அரிதானவையும் அல்ல. 2025 நவம்பர் 2 அன்று ராஜஸ்தானின் ஃபலோடி பகுதியில், புனிதப் பயணம் முடித்துத் திரும்பிய வேன் ஒன்று, நின்றிருந்த டிரெய்லர் லாரியின் பின்புறம் மோதியதில் 15 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றமே இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஓரிடத்தில் நின்ற வண்டியில் வந்தவர்கள் பலியானார்கள், இன்னோரிடத்தில் நின்ற வண்டியே பிறரைப் பலிகொண்டது. இரண்டுக்கும் நடுவே சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பது நம் கடமை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால், நின்றுபோன வண்டியைப் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. பிறருக்கு ஆபத்து உண்டாகும்படி வாகனத்தை விட்டுவைக்கக் கூடாது என்கிறது 122ஆம் பிரிவு. இடையூறாக நிற்பதைக் காவல்துறை இழுத்துச் செல்லலாம் என்கிறது 127ஆம் பிரிவு. போக்குவரத்தைத் தடுத்தால் 500 ரூபாய் வரை தண்டம் என்கிறது 201ஆம் பிரிவு. எல்லாம் சரியே. ஆனால் இவற்றின் பார்வையில் நின்ற வண்டி ஓர் இடையூறு. அந்த வண்டியின் அருகே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குடும்பம் இந்தப் பிரிவுகளின் கண்ணில் படவில்லை. அவர்களைக் கடந்துபோகும் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தனிப் பிரிவு சட்டத்தில் இல்லை.

அடிபட்ட பிறகு மட்டும் அவர்கள் சட்டத்தின் கண்ணில் படுகிறார்கள். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், விபத்தில் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டுதல்கள் நாடு முழுவதும் கட்டாயமாயின. 2019 திருத்தத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. காயப்பட்டவருக்கு நல்மனத்தோடு உதவப்போய் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால்கூட, உதவியவர்மீது வழக்கு தொடுக்க முடியாது. பெயரைச் சொல்லும்படி காவலரோ மருத்துவமனையோ வற்புறுத்தக் கூடாது என்று 2020 விதிகள் கூறுகின்றன. இந்தப் பிரிவில் உதவுபவருக்கு இந்திய நாடாளுமன்றம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? நல்ல சமாரியர்! லூக்கா நற்செய்தியின் உவமையிலிருந்து ஒரு பெயர் நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் நடந்து போயிருக்கிறது. சத்திரக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியத்தைக்கூட அரசு மறக்கவில்லை போலும். தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2025இல் மத்திய அரசு ஏழு நாள்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. உதவுவோருக்கான வெகுமதி 25,000 ரூபாயாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

இவற்றை மனதாரப் பாராட்டுகிறோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எரிகோ சாலையில் அந்த மனிதர் அடிபடும் முன்பே யாரேனும் அவரைக் கண்டிருந்தால்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை தேடியிருக்கிறார்கள். தென் கரோலினா மாநிலத்தில் 1994இல் விபத்து நடந்த இடத்தில் பணியாற்றிய அவசர மருத்துவ ஊழியர் ஒருவர் மீது வண்டி மோதியது. அவர் பிழைத்தெழுந்து போராடியதன் பயனாக, 1996இல் அங்கே 'விலகிச் செல்' சட்டம் வந்தது. ஓரத்தில் அவசர வண்டி நின்றால், கடந்துபோகிறவர் அடுத்த தடத்துக்கு விலக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 2012க்குள் ஐம்பது மாநிலங்களும் இதை ஏற்றன. முதலில் காவலருக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் இருந்த இந்தப் பாதுகாப்பைப் பல மாநிலங்கள் பின்னர், பழுதாகி நிற்கும் சாதாரணக் குடும்பத்தின் காருக்கும் விரித்தன. ஃபுளோரிடாவில் 2024 ஜனவரி முதல் அதுவே சட்டம்.

நம் சாலைகளில் இது நடக்குமா என்று சிரிப்பவர்கள் உண்டு. அடுத்த தடத்துக்கு விலகினால் அங்கே எதிர்த்திசையில் ஒரு டிராக்டர் வரும் என்பார்கள். உண்மைதான். விலகுவது எப்போதும் முடியாது, வேகத்தைக் குறைப்பது முடியும். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் தண்டம் என்று 2019இல் சட்டம் வந்தது. இன்று நம் ஊர் நெரிசலிலும் சைரன் கேட்டதும் மக்கள் ஒதுங்குவதைப் பார்க்கிறோம். தண்டத்துக்கு அஞ்சியா ஒதுங்குகிறார்கள்? ஒதுங்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. மினுக்கும் விளக்கோடு நிற்கும் வண்டிக்கும் அந்த வழக்கம் வேண்டும், அதற்குச் சட்டத்தில் ஒரு வரி வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது பெரிய அரசியல் ஒன்றும் அல்ல.

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்தால், ஓட்டுநர் அதைப் பார்க்கும்போது வண்டியையும் சேர்த்தே பார்ப்பார். ஐம்பது, அறுபது பெரிய எட்டுகளாவது பின்னே நடந்து வைக்க வேண்டும். ஆனால் எத்தனை வண்டிகளில் முக்கோணம் இருக்கிறது? நம் ஊர் வழக்கம் வேறு. மரக்கிளையை ஒடித்துச் சொருகுவார்கள், சுற்றிலும் கல்லை அடுக்குவார்கள். இருட்டில் கிளை தெரியாது. வண்டி சரியானதும் ஓட்டுநர் ஏறிப் போய்விடுவார், கற்கள் அங்கேயே கிடக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தக் கல்லே எமன். தான் தப்பிக்க வைத்த கல்லைப் பிறர் தலைக்கு விட்டுச்செல்வது பாவம் என்று மறையுரையில் சொன்னால் மிகையென்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். ரோந்து வண்டியும் கிரேனும் அந்தச் சாலையின் சேவைகளில் அடங்கும், சுங்கச்சாவடியில் நாம் கட்டும் பணத்தில் அவற்றுக்கும் பங்குண்டு. அண்மையில் நம் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்றில் இந்த எண்ணைக் கேட்டோம். முப்பது பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அந்த இருவரும் லாரி ஓட்டுநர்கள்.

வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர், அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி அதே ஆண்டு செப்டம்பரில் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் பயணித்து இறந்தார். பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம், மீறினால் 1,000 ரூபாய் என்பதை நம்மில் பலர் இன்னும் வதந்தி என்றே எண்ணுகிறோம்.

அதைவிடக் கவலைப்பட வைப்பது லோடு வண்டி. வாடகை குறைவு என்பதற்காகத் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் துக்க வீட்டுக்கும் சரக்கு வாகனத்தில் முப்பது, நாற்பது பேரை ஏற்றுகிறோம். பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருக்காது. சரக்கு வாகனத்தில் கட்டணம் இன்றியோ கட்டணம் கொடுத்தோ ஏறிச்சென்ற பயணிகளுக்கு இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வண்டி கவிழ்ந்து குடும்பத்தலைவர் இறந்தால், அவருடைய மனைவி வண்டிக்காரரிடம்தான் கேட்டு நிற்க வேண்டும். அந்த ஒரு வண்டியே வாழ்வாதாரமான மனிதரிடம் என்ன இருக்கும்? விலை மலிவு என்று நாம் ஏறும் வண்டியின் உண்மையான வாடகையை அந்த விதவை கட்டுகிறார்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வண்டி பேசும் வேலை நம் பங்கில் வழக்கமாக ஜூலையிலேயே தொடங்கும். இந்த முறை பங்குப்பேரவையில் சிலவற்றை முடிவு செய்திருக்கிறோம். சரக்கு வாகனத்துக்குப் பங்கிலிருந்து முன்பணம் கொடுப்பதில்லை. பயணிகள் வேனுக்கு முன்பணம் கொடுக்கும் முன், தகுதிச் சான்றையும் காப்பீட்டுத் தாளையும் நேரில் பார்ப்போம், இரண்டு முக்கோணங்களும் ஒரு டார்ச் விளக்கும் வண்டியில் இருக்கின்றனவா என்று கேட்போம். "தலைக்கு நூறு ரூபாய் கூடுமே சாமி" என்று ஒருவர் எழுந்து சொன்னார். கூடும்தான். முடியாத குடும்பங்களின் நூறு ரூபாயை வின்சென்ட் தே பவுல் சபையினர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் வண்டி நின்றால் செபமாலையைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால், வயல் ஓரத்தில் நின்று சொல்வோம் என்று அந்தப் பாட்டியின் மகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.