சீத்தா கேம்ப்பின் மாடிகள் யார் கணக்கில் வருகின்றன?

மும்பையின் கிழக்கோரத்தில், டிராம்பேக்குப் பக்கத்தில் இருக்கும் சீத்தா கேம்ப் போன்ற பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் தரையிலிருந்தே தொடங்குகிறது. சந்துக்குக் கான்கிரீட் போடுகிறவர்கள் பழைய தளத்தைப் பெயர்ப்பதில்லை. அதன் மேலேயே அடுத்ததைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சந்து உயர உயர வீடு தாழ்கிறது. முன்பு படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் சில ஆண்டுகளில் இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. ஜூன் மழையில் சாக்கடைத் தண்ணீர் மோரியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் மேஸ்திரிக்கு ஆள் போகிறது.

சந்துக்கு மேல் இரண்டடி உயரத்தில் புதுத் தரை போட்டால் பழைய கூரை தலையில் இடிக்கும். கூரையைத் தூக்கலாமென்றால் பழைய சுவர் தாங்காது. எனவே தரையைச் சரிசெய்யத் தொடங்கிய வேலை வீட்டையே இடித்துக் கட்டுவதில் முடிகிறது. இங்கே குறுக்கே வருவது உயரக் கட்டுப்பாடு. குடிசைப் பகுதி வீட்டுக்கு மும்பை மாநகராட்சி நெடுங்காலமாக ஏற்றுவரும் உயரம் 14 அடி. தரைக்கு இரண்டடி போனால் மிஞ்சுவது 12. இடைத்தளத்தின் கனத்தையும் கழித்தால், சராசரி உயரமுள்ள ஆண் கீழேயும் மேலேயும் தலை இடிக்காமல் நடமாடுவது கடினம். வெள்ளத்துக்குத் தப்பினால் விதியை மீற வேண்டும். விதிக்கு அடங்கினால் வெள்ளத்தில் நிற்க வேண்டும்.

இந்த வீடுகளை ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குகிறவர்கள் 1976ஐ மறந்துவிடுகிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனியின் மக்கள், ஏறத்தாழ 70,000 பேர், நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த ஆண்டு மே மாதம் இங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். கோலார் தங்கவயலில் பிறந்து, இளமையில் தச்சு வேலைக்காகப் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம் அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்ததே. காலனி தப்பவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பதினைந்தடி மனை என்று அரசே அளந்து கொடுத்தது. சதுப்பு நிலத்தை மண்ணும் இடிபாடும் கொட்டி மேடாக்கியவர்கள், தகரத்திலிருந்து செங்கல்லுக்கும் செங்கல்லிலிருந்து இரும்பு விட்டத்துக்கும் வீட்டை வளர்த்தவர்கள் குடியிருந்தவர்களே.

பத்துக்குப் பதினைந்து என்றால் 150 சதுர அடி. 1995இல் குடிசை மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்ன பரப்பு 225 சதுர அடி. அது பின்னர் 269 ஆயிற்று, இப்போது 300. ஒரு மாடி எழுப்பிய சீத்தா கேம்ப் குடும்பத்திடம் இருப்பதும் சரியாக 300 சதுர அடிதான். அரசு 2018இல் வந்துசேர்ந்த அளவை அந்தக் குடும்பம் தன் சேமிப்பிலும் சீட்டுப் பணத்திலும் கடனிலும் முன்பே எட்டியிருக்கக்கூடும். ஆனால் மறுவாழ்வுத் திட்டத்தின் தகுதிப் பட்டியலில் அந்த மாடிக்கு இடமில்லை. தரைத்தளம் மட்டுமே கணக்கு.

மாடி ஆடம்பரத்துக்காக எழுவதில்லை. மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும்போதே மேஸ்திரியையும் பார்க்கத் தொடங்குகிறார்கள். வரைபடம் கிடையாது, பேச்சுதான் ஒப்பந்தம். அடித்தளத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று. சிமென்ட்டும் கம்பியும் மேஸ்திரியின் பெயரில் கடையில் கடனாக வருகின்றன. லாரி நுழையாத சந்தில் மணல் தலைச்சுமையாக வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பொதுச்சுவரில் விட்டம் பதிக்கச் சம்மதம் வாங்குவதும் அவர் வேலையே. இரும்பு விட்டங்களின் மேல் கல் பலகை பரப்பி, அதற்கு மேல் கலவை கொட்டும் ‘லாதி கோபா’ தளத்துக்கு அதிக இடமும் வேண்டாம், பெரிய கருவிகளும் வேண்டாம். இவ்வளவும் மழைக்கு முன் முடிய வேண்டும். வேலை கெட்டால் மேஸ்திரி ஓடி ஒளிய முடியாது. பெரும்பாலும் அவரும் பக்கத்துச் சந்துக்காரர். வங்கியும் பொறியாளரும் நகரமைப்புத் துறையும் செய்யாததை ஒரு மனிதர் செய்துகொண்டிருக்கிறார். கல்விப்புலத்தில் இதற்கு ‘முறைசாராத் துறை’ என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம்.

மேஸ்திரியைப் புனிதராக்கவும் வேண்டியதில்லை. கழிமுகத்தின் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். நிரப்பிய நிலத்தில் நாலரை அங்குலச் சுவரின் மேல் எத்தனை தளம் நிற்கும் என்பதை அனுபவம் ஓரளவுதான் சொல்லும். 2021 ஜூனில் மலாட் மால்வணியில் இத்தகைய கட்டடமொன்று சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பாதிக்குமேல் குழந்தைகள். அதைக் காட்டி எல்லா மாடிகளையும் இடிக்கச் சொல்வது எளிது. ஆனால் அடித்தளத்தைப் பார்க்க ஒரு பொறியாளரும் வராமல், உயரத்தை அளக்க மட்டும் ஆள் வரும் ஏற்பாட்டில், விரிசலைக் காட்டி யோசனை கேட்கவே குடும்பம் அஞ்சும். மறைத்துக் கட்டும் கட்டடம்தான் அதிக ஆபத்தானது.

மாற்று வழி புதிதும் அல்ல. உலக வங்கிக் கடனுடன் 1985இல் தொடங்கிய பம்பாய் நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், குடிசைவாசிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்குத் தந்து, வீட்டைச் செப்பனிடக் கடனும் வழங்கியது. சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் தந்து வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். சிலியின் இகீகே நகரில் அரை வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்து மறுபாதியைக் குடும்பங்களிடம் விட்ட திட்டம், அதன் கட்டடக்கலைஞர் அலேஹாந்த்ரோ அரவேனாவின் பெயரை உலகறியச் செய்தது. 2016இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. சீத்தா கேம்ப் மக்கள் மறுபாதியை மட்டுமல்ல, முதல் பாதியையும் தாங்களே கட்டியவர்கள். மும்பைதான் தொண்ணூறுகளில் செப்பனிடுவதைக் கைவிட்டு, இடித்து அடுக்ககம் கட்டும் வழிக்குத் திரும்பியது. நிலத்தின் விலை ஏறிய நகரில் செப்பனிட்ட வீட்டால் எந்தக் கட்டுமான நிறுவனத்துக்கும் இலாபமில்லை என்பதே அதன் பெருங்காரணம்.

வேண்டியவை பெரியவை அல்ல. வார்டு அளவில் மேஸ்திரிகளைப் பதிவுசெய்து பயிற்சி தரலாம். இடிக்கும் அதிகாரம் இல்லாத, யோசனை சொல்ல மட்டுமே வருகிற ஒரு பொறியாளரை அமர்த்தலாம். 14 அடியைப் புதுத் தரையிலிருந்து அளக்கலாம். முதன்மையாக, மாடியையும் வீடு என்று எழுத வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பில் மாடியில் குடியிருப்போர் கணக்கெடுக்கப்படுகிறார்கள். இது சிறு முன்னேற்றம்தான். ஆனால் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது தாராவிக்கு வெளியே, வாடகை செலுத்திப் பின்னர் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. கீழ்த்தளத்துப் பெற்றோருக்குத் தாராவியிலேயே வீடு. அவர்கள் மாடி எழுப்பிக் குடிவைத்த மகனுக்கும் மருமகளுக்கும் வேறெங்கோ.