வெள்ளையன் ஆளாத மலைநாட்டில் சாதி எப்படி வந்தது?

"வெள்ளைக்காரன் வராமல் இருந்திருந்தால் சாதி இவ்வளவு இறுகியிருக்காது. கணக்கெடுப்பு நடத்திச் சாதியை உண்டாக்கியதே அவன்தான்." ஆய்வு மாணவனாக நான் உட்கார்ந்த கருத்தரங்குகளில் சலிக்கச் சலிக்கக் கேட்ட வாதம் இது. கூடவே ஒரு கற்பனை நாடும் வரும்: அந்நியர் ஆளாமல், மலைகளின் காவலில், தன் மரபோடு இணக்கமாக வாழ்ந்திருக்கக்கூடிய நாடு.

கற்பனை எதற்குத் தோழர்களே? அந்த நாடு நிஜமாகவே இருக்கிறது. பெயர் நேபாளம். 1814-16 போரில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்று நிலத்தை இழந்தது. ஆனால் ஒருபோதும் காலனி ஆகவில்லை.

அங்கே 1854இல் ஜங் பகதூர் ராணாவின் ஆட்சி 'முலுகி ஐன்' என்ற சட்டத்தொகுப்பைக் கொண்டுவந்தது. மக்கள் அனைவரையும் அது ஐந்து அடுக்குகளில் வைத்தது. உச்சியில் பூணூல் அணிவோர். அடுத்து, மது அருந்துவோரில் அடிமையாக்கக் கூடாதவர்கள். அதன் கீழே அடிமையாக்கத் தக்கவர்கள். அதற்கும் கீழே, கையால் தண்ணீர் வாங்கக் கூடாதவர்கள். அடியில் காமி, சார்கி, தமாய் போன்றோர்: தொட்டால் நீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டுமாம். குற்றம் ஒன்றே என்றாலும் சாதிக்கொரு தண்டனை. ஐரோப்பியரையே தண்ணீர் வாங்கக் கூடாதவர் வரிசையில் வைத்த சட்டம் இது! பிரித்தானிய இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1872இல்தான் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள் பிந்தி.

பிரித்தானியர் சாதியைத் தம் வசதிக்குப் பயன்படுத்தினார்கள், இறுக்கினார்கள். மறுக்கவில்லை. ஆனால் பயன்படுத்தியவன் வேறு, படைத்தவன் வேறு. குற்றவாளி கப்பலேறிப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டால், இங்கிருப்பவர் நிலத்தையோ கோயிலையோ பதவியையோ விட்டுத்தர வேண்டியதில்லை. இந்த வாதத்தின் உண்மையான பயன் இதுதான்.

மன்னராட்சி போனால் சாதி போகுமா? நேபாளம் 2008இல் குடியரசானது. 2011இல் தீண்டாமைக்கு எதிராகத் தனிச்சட்டம். 2015 அரசமைப்பில் தீண்டாமைக்கு எதிரான அடிப்படை உரிமை. 2020 மே மாதம், மேற்கு ருக்கும் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதிக் காதலியை அழைத்துவர நண்பர்களோடு போன தலித் இளைஞரை ஊரே திரண்டு விரட்டியது. அவரோடு சேர்த்து ஆறு பேர் பேரி ஆற்றில் பிணமானார்கள். கொன்றவர்களுக்கு எந்த வைஸ்ராயின் உத்தரவும் தேவைப்படவில்லை.

மாற்று வரலாறு எழுத ஆசையா? காமியும் சார்கியும் தமாயும் சட்டம் எழுதிய ஒரு மலைக்குடியரசை எழுதுங்கள். அதைக் கற்பனை செய்யக் கை கூசினால், உங்கள் சிக்கல் வெள்ளையனோடு அல்ல.