சக்கும் சாண்ட்விச்சும்

அமெரிக்காவுல என்.பி.சி. சேனல்ல 2007-ல ஆரம்பிச்ச 'சக்' பார்த்திருக்கீங்களா மக்களே? கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற அப்பாவி ஒருத்தன் மூளைக்குள்ள உளவுத்துறை ரகசியம் மொத்தமும் இறங்கிடும். பொட்டி தட்டுற எனக்குப் பிடிக்காம போகுமா?

ரெண்டாவது சீசனோட மூடுவிழான்னு பேச்சு. 2009 ஏப்ரல்ல ரசிகர்கள் கூட்டமா சப்வே கடைக்குப் போய் சாண்ட்விச்சா வாங்கித் தள்ளினாங்க. அந்த சப்வேயே ஸ்பான்சரா வந்து தொடர் பிழைச்சது. (நம்மூர்ல பால் அபிஷேகம், அங்க சாண்ட்விச்!)

2010 ஜனவரியில மூணாவது சீசன். விமர்சகர்கள் பலர் பாராட்டினாங்க. சாண்ட்விச் வாங்கினவங்கள்லயே ஒரு கோஷ்டி மட்டும் கொதிச்சுப் போச்சு. சக்கையும் சாராவையும் சேரவிடாம ஷா, ஹன்னான்னு ரெண்டு பேரை நடுவுல நுழைச்சுட்டாங்களாம்.

இந்தக் கோபம் அநியாயம். சாண்ட்விச் வாங்கினா தொடர் ஓடணும்னு கேட்கலாம், திரைக்கதையையும் சேர்த்தா பார்சல் கேட்பாங்க?

என்னைக் கேட்டா உண்மையான சேதாரம் வேற. புது இன்டர்செக்ட் புண்ணியத்துல சக்குக்கு குங்ஃபூ வந்துடுது. துப்பாக்கியைப் பார்த்தா அலறுற பையன்ங்கிறதுலதான் பாதி சிரிப்பே இருந்தது. எழுதினவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கு. பதட்டமானா குங்ஃபூ வேலை செய்யாதுன்னு ஒரு பேட்ச் போட்டாங்க. அவசரத்துல போட்ட பேட்ச் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா என்ன!

இருந்தும் 13 எபிசோடுன்னு ஆரம்பிச்ச அந்த சீசன் 19 ஆச்சு. தொடர் 2012 ஜனவரி வரைக்கும் ஓடி, மொத்தம் 91 எபிசோடு. நான் அத்தனையும் பார்த்தேன், அலறல் குறைஞ்சுடுச்சேன்னு புலம்பிக்கிட்டேதான்.