மாங்கன்றைக் கடிக்கும் காட்டு முயல்

கேள்வி: கரட்டை ஒட்டிய ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தில் ஆடி மாதம் 40 மா ஒட்டுக்கன்று வைத்தேன். இரவில் ஏதோ வந்து 9 கன்றுகளைக் கடித்துவிட்டது. முயல் என்கிறார்கள். சுற்றிலும் கம்பி வேலி போட வசதியில்லை. கடிபட்ட கன்றுகள் பிழைக்குமா? மீதியை எப்படிக் காப்பது?
- ஒரு வாசகர், நத்தம் வட்டாரம்

பதில்: முதலில் கடித்தது எது என்று பாருங்கள். முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல இருக்கும். பக்கத்தில் உருண்டையான, நார் கலந்த புழுக்கை கிடக்கும். ஆடு கடித்திருந்தால் நுனி பிய்ந்து கிழிந்திருக்கும்.

முயல்தான் என்றால் நிலத்துக்கு வேலி வேண்டாம். கன்றுக்குக் கூண்டு போதும். ஒரு ஏக்கரைச் சதுரமாகச் சுற்றிவர ஏறக்குறைய 835 அடி வலை பிடிக்கும். ஒன்றரை அடி குறுக்களவுள்ள கூண்டுக்கு 5 அடி வலைதான் ஆகும். 40 கன்றுக்கும் 200 அடியில் வேலை முடிந்துவிடும்.

ஒரு அங்குலக் கண்ணுள்ள, 3 அடி உயரக் கோழிவலை வாங்குங்கள். அடியில் 4 அங்குலம் மண்ணில் புதைத்து, இரண்டு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். நம் காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புதர் மறைவில்தான் படுக்கும். அதனால் ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. கன்றுகளின் அருகே உள்ள புதரை வெட்டிவிடுங்கள். வலைக்கும் வசதியில்லை என்றால் இலந்தை முள்ளை இடைவெளி இல்லாமல் சுற்றி அடையுங்கள். தண்டு தடித்து, தழை முயலுக்கு எட்டாத உயரம் போகும்வரை இந்தக் காவல் இருக்கட்டும்.

கடிபட்ட கன்றுகளில் ஒட்டுக்கட்டிய இடத்தைப் பாருங்கள். அதற்கு மேலே பச்சைத் தண்டு மிச்சம் இருந்தால் துளிர்க்கும், பிடுங்க வேண்டாம். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுண்ணாம்பையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஒன்றாகக் கலந்து, காயத்தில் தடவுங்கள். ஒட்டுக்குக் கீழே துண்டாகியிருந்தால், வருவது வேர்ச்செடியின் துளிர். அதை வளர்த்தால் நீங்கள் வாங்கிய ரகம் காய்க்காது. அந்தக் கன்றை மட்டும் மாற்றுங்கள்.

கண்ணி, விஷம் இரண்டும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் கூடாது. விடியலில் தோட்டத்துக்கு முதலில் வருவது உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.