பெறுநர் யார்?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தான். "மாமா, ஒரு லெட்டர் எழுதித் தரணும்" என்றான். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 28 வருடம் உட்கார்ந்தவன் நான். லீவ் லெட்டர், மெமோ, மெமோவுக்குப் பதில், மன்னிப்புக் கடிதம் எல்லாம் எழுதி எழுதிப் பழகிய கை. இப்போதும் வேப்பனப்பள்ளியில் மனு எழுத வேண்டுமென்றால் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். 'அனுப்புநர்' எழுதி முடித்தேன். 'பெறுநர்' என்று போட்டுவிட்டு, "உன் மேனேஜர் யாருப்பா?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இல்ல மாமா. ஆப்தான்."

எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஒரு ராத்திரி பார்சலை அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சாப்பாடு வரவில்லை என்று வாடிக்கையாளர் புகார் செய்துவிட்டார். மறுநாள் காலையில் ஐடி பிளாக். செல்போனில் அவன் என்ன எழுதினாலும் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆபீசுக்கே நேரில் போனால், செக்யூரிட்டி வாசலிலேயே நிறுத்தி "ஆப்பிலேயே எழுதுங்க" என்று அனுப்பிவிட்டார். பைக் தவணை கட்ட வேண்டும். பதினொரு நாள் காத்திருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

மேனேஜர் வேலையையும் ஏ.ஐ. பார்த்துவிடுமா என்று இப்போது டி.வி.யில் விவாதம் நடத்துகிறார்கள். இந்தப் பையனைப் போன்றவர்களுக்கு அது என்றோ நடந்து முடிந்துவிட்டது. ரோபோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெல்டிங் அடிக்கிற இரும்புக் கை. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபோது, ஆயிரக்கணக்கில் ரோபோ வருகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. வெல்டிங் புகையிலிருந்து மனிதன் தப்பித்தால் எனக்குச் சந்தோஷம்தான். என் கவலை எல்லாம் சத்தமில்லாமல் மேனேஜர் நாற்காலியில் உட்காருகிற மெஷினைப் பற்றித்தான்.

மனித மேனேஜர்கள் எல்லாரும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த ஒருவர் ஓ.டி. கொடுப்பதற்கு முன்னால் "எந்த ஊரு, யாரு பையன்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியாதா? தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற ஊர் நம்முடையது. அவர் பாஷை பேசுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. தவறாமல் கிடைக்கும். மற்றவர்களுக்கு மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. அந்தப் பட்டியலை ஒரு கம்ப்யூட்டர் போட்டிருந்தால் நூறு குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். ஷிஃப்ட் போடுவது, லீவ் கணக்கு, ஓ.டி. பங்கீடு இதையெல்லாம் தாராளமாக மெஷினிடம் கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் தண்டிக்கிற அதிகாரம் வேறு விஷயம். இதில் என் கதை ஒன்று இருக்கிறது, எனக்குப் பெருமை தராத கதை.

மகாராஜகடை காட்டோரத்து ஊரிலிருந்து ஒருவர் வேலைக்கு வருவார். விடியுமுன் கிளம்பி கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு வந்து கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு முறை லேட். இரண்டு முறையும் "வழியில யானை சார்" என்றார். மூன்றாவது முறை நான் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்ச் கார்டில் சிவப்பு விழுந்திருந்தது, மெமோ அடித்தேன். கையெழுத்துக்குப் போன இடத்தில் மேனேஜர் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயும் வேப்பனப்பள்ளிக்காரன்தானே? அந்தப் பக்கம் யானை வருமா வராதா, உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். மாந்தோப்பு காய்க்கிற காலத்தில் காட்டை விட்டு யானை இறங்குவது எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். கார்டைப் பார்த்த நான் ஆளைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மெஷினாக இருந்தது நான்தான். மேனேஜர் மெமோவைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அந்த ஆளை செகண்ட் ஷிஃப்டுக்கு மாற்றினார்.

யானையையும் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று என் மகன் வாதாடுகிறான். சாஃப்ட்வேர்காரன், அப்படித்தான் சொல்வான். சொல்லிக் கொடுக்கட்டும். யானைக்கு அடுத்து மாமியார் சாவு வரும், அதற்கடுத்து குழந்தைக்குக் காய்ச்சல், பஸ் பஞ்சர். எது நிஜம், எது சாக்கு என்று எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்து ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு தப்பானால் அதற்கு அவரே பதில் சொல்லவும் வேண்டும்.

இந்தப் பதில் சொல்வதை நம் பழைய சட்டம் நன்றாகவே புரிந்து வைத்திருந்தது. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மேனேஜர் மாறினால் புது ஆளின் பெயரைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் ஆபீசிலிருந்தும் அப்படிக் காகிதம் போயிருக்கிறது. அந்தப் பதவியில் யாரையும் போடாமல் விட்டால் உடைமையாளரையே மேனேஜராகச் சட்டம் கருதியது. விதி மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. நாற்காலியில் பெயருள்ள ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்றது சட்டம். ஆப்பை எந்த ஜெயிலில் வைப்பது?

ஐரோப்பாவில் 2024இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தார்கள். இப்படி ஆப் மூலம் வேலை செய்கிறவரின் கணக்கை முடக்குவதோ, அவரை நீக்குவதோ ஒரு மனிதர் எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும், மெஷின் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்று. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கர்நாடகம் 2025இல் கிக் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டது. காரணத்தை எழுத்தில் கொடுத்து, 14 நாள் முன்னறிவிப்பும் தராமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அது. தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் இவர்களுக்கு நல வாரியம் அறிவித்தார், நல்லது. நலத்திட்ட உதவி வேண்டியதுதான். ஆனால் இதே பையன் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், ஓசூரில் பைக் ஓட்டியிருந்தால், ஐடி பிளாக் ஆனதற்கு ஏன் என்று கேட்கிற அந்த உரிமை நம் சட்டத்திலும் இருக்க வேண்டாமா? சிப்காட் வந்த நாளிலிருந்து தொழிலாளர் விவகாரம் பார்த்த மாவட்டம் இது. நாம் கேட்காமல் யார் கேட்பது?

அந்த மனுவைக் கடைசியில் கர்நாடகத் தொழிலாளர் துறைக்கு எழுதினேன். ஆப்பில் வந்த பதில்களை ஒன்று விடாமல் பிரிண்ட் எடுத்து இணைக்கச் சொன்னேன். நகல் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே 'மேலாளர் அவர்கள்' என்று எழுதினேன். பையன் சிரித்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.