ஊசியும் முக்காடும்



1916-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள். கனடாவின் தலைநகராம் ஒட்டாவாவிலே ஒரு பள்ளிக்கூட வாயில். தாய்மார் திரண்டு நிற்கின்றனர். கையிலே என்ன? வாளா, வேலா? இல்லை! தொப்பி நழுவாதிருக்கப் பெண்கள் செருகிக்கொள்ளும் நீண்ட ஊசி! எதிரே காவலர். உள்ளே, பிரெஞ்சு மொழியிலே பாடம் சொல்லித் தரும் ஆசிரியைகள் இருவர். அவர்களை அகற்ற விடோம் என்பது அந்தத் தாய்மாரின் சூளுரை.

ஏன் அந்தக் கொந்தளிப்பு என்கிறாயா? ஒன்டாரியோ மாநில அரசு 1912-இலே 17-ஆம் விதி என்றொன்றை வகுத்தது. முதல் இரண்டாண்டுகள் கடந்துவிட்டால், பிரெஞ்சுக் குழந்தைக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது. பெரும்பான்மையினர் கையிலே பேனா இருந்தது. சிறுபான்மையினர் கையிலே ஊசிதான் இருந்தது! அண்டை மாநிலமாம் கியூபெக்கின் பிரெஞ்சு மக்கள் கொதித்தனர். நிதி திரட்டி அனுப்பினர். 1927-இலே அவ்விதி வலுவிழந்தது.

அந்தக் கியூபெக்கைத்தான் இன்று உன் முன் நிறுத்துகிறேன். கனடா முழுமையிலே சிறுபான்மை. தன் மாநிலத்திலே பெரும்பான்மை. 1977-இலே தன் மொழிக்கு அரண் அமைத்துச் சட்டம் செய்தது. ஆங்கிலக் கடலிலே மிதக்கும் தீவு கரைகட்டிக்கொண்டதை நான் குறைகூறேன்.

ஆனால், 2019-இலே வந்தது 21-ஆம் சட்டம்! அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரசு வழக்குரைஞர் ஆகியோர் பணியிலே சமயச் சின்னம் அணியலாகாதாம். சீக்கியரின் தலைப்பாகை, யூதரின் சிறு குல்லாய், இஸ்லாமிய மாதரின் முக்காடு — கழற்று, அன்றேல் வேலையை மற! முன்னரே பணியிலிருந்தோர், அதே பணியில் நீடிக்கும்வரை தப்பினர். 2021-இலே ஓர் ஆசிரியை, முக்காட்டுக்காக வகுப்பறையைவிட்டு அகற்றப்பட்டு, வேறு பணிக்கு மாற்றப்பட்டார். பெற்றோர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர், சட்டம் அசையவில்லை.

நாடகம் எழுதுபவன் நான். ஊசியேந்திய தாய்மாரை முதற்காட்சியிலும், இந்த ஆசிரியையை அடுத்த காட்சியிலும் நிறுத்தினால், “கதை பொருந்தவில்லையே!” என்று நீயே எழுந்து போவாய்.

அவர்கள் பக்கத்து வாதமும் உண்டு, மறைத்தல் அறமன்று. 1960-களுக்கு முன், பள்ளியும் மருத்துவமனையும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியிலே இருந்த மண் அது. பட்டபாடுதான், சமயத்தை அரசுக்கு வெளியே நிறுத்த அவர்களைத் துடிக்க வைக்கிறது. சட்டமன்றத்திலே 1936 முதல் தொங்கிய சிலுவையையும் 2019-இலேயே இறக்கினர். நன்று! சுவர் அரசினுடையது; இறக்கட்டும். தலை யாருடையது, தோழனே?

பழைய ஏட்டைப் புரட்டு. போரிலே தோற்று ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பிரெஞ்சுக் கத்தோலிக்கர், அரசுப் பதவி வேண்டின் தம் சமயக் கொள்கையை மறுத்து உறுதிமொழி கூறவேண்டியிருந்தது. 1774-இன் கியூபெக் சட்டம் அந்த இழிவைத் துடைத்தது. அன்று முடியாட்சி நீக்கிய நிபந்தனையை, இன்று மக்களாட்சி வேறு உருவிலே அழைத்து வந்திருக்கிறது!

1982-ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தின் 27-ஆம் பிரிவு, பல்வகைப் பண்பாட்டு மரபைப் பேணும் வகையிலே பொருள்கொள்ளச் சொல்கிறது. 33-ஆம் பிரிவோ, சில உரிமைகளை மீறியும் சட்டம் செல்லும் எனச் சட்டமன்றம் அறிவித்துக்கொள்ள இடந்தருகிறது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். சட்ட நுணுக்கம் அறியேன். பூட்டையும் கள்ளச்சாவியையும் ஒரே பெட்டியிலே வைத்திருப்பது மட்டும் புரிகிறது. அந்தச் சாவியின் ஆயுள் ஐந்தாண்டு. 2024-இலே, கெடு முடியுமுன்னரே, கியூபெக் சட்டமன்றம் மேலும் ஐந்தாண்டுக்கு அதைப் புதுப்பித்துக்கொண்டது.