கடை பூட்டும்போது கணக்கும் கூட வரட்டும்



கல்லாப் பணம் போனால் ஒரு நாள் வியாபாரம் போயிற்று; கணக்கு போனால் கடையே போயிற்று. இது நம் தொழிலில் உள்ள அனைவரும் அறிந்ததே. அதனால்தான் முன்பெல்லாம் கடையைப் பூட்டும் முதலாளி, பணப்பையுடன் நாள்வழியையும் பேரேட்டையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். இன்று பேரேடு கணிப்பொறிக்குள் போய்விட்டது. கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோகும் நல்ல பழக்கமும் அதோடு நின்றுவிட்டது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதும், கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க் வைத்து அசெம்பிள் செய்த சிறிய கணிப்பொறியே அதற்கு ஏற்ற வழி என்பதும் எனது கருத்து.

நம் ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி வணிகர்களுக்கு இது மிகவும் அவசியம். பெங்களூர் யஷ்வந்த்பூர் மண்டியில் வாங்கினால் ஐ.ஜி.எஸ்.டி.; தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் மத்திய, மாநில ஜி.எஸ்.டி. எல்லையில் இருப்பதால் இரண்டு விதக் கணக்கும் அன்றாடம் வருகிறது. இதற்கு மேல் சிப்காட் தொழிலாளர் குடும்பங்களின் மாதப் பற்று இருக்கிறது. “எல்லாம்தான் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருக்கிறதே” என்று சிலர் சொல்வதுண்டு. போர்ட்டலில் இருப்பது நாம் தாக்கல் செய்த விவரமும், நமக்குச் சரக்கு கொடுத்தவர் தாக்கல் செய்த விவரமும்தான். எந்த வீட்டுப் பாக்கி எவ்வளவு, கிடங்கில் புளி எத்தனை மூட்டை என்பது அங்கே கிடைக்காது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காப்பாற்ற வேண்டும். கணிப்பொறியில் கணக்கு வைப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் பிரதி வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதி கூறுகிறது.

இயற்கைச் சீற்றம் கடலோரத்தாருக்குத்தான் என்று நாம் இருந்துவிட முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வாகனங்களையே வெள்ளம் அடித்துச் சென்றது. மேஜைக்கு அடியில் தரையில் இருக்கும் கணிப்பொறி எம்மாத்திரம்?

வெள்ளம் மட்டுமல்ல, வைரஸும் உண்டு. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் பல நாடுகளில் கணிப்பொறிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இத்தகைய வைரஸ், கணிப்பொறியில் எப்போதும் செருகியே இருக்கும் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிடும். வீட்டு பீரோவில் இருக்கும் டிஸ்க்கை அது தொட முடியாது.

இனி செய்முறைக்கு வருவோம். மினி ஐ.டி.எக்ஸ். என்னும் மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம்தான். கல்லா மேஜையில் தராசுக்குப் பக்கத்திலேயே அடங்கும் பெட்டியில் அதைப் பொருத்தலாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ உதிரிப் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்பவரிடம், “பெட்டியின் முன்பக்கம் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு ட்ரே வேண்டும்; பயாஸில் ஹாட் பிளக் வசதியைப் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டும். எம்.2 வகை டிஸ்க் வேகமானதுதான். ஆனால் மதர்போர்டிலேயே திருகி வைப்பது. தினமும் கழற்றி மாட்ட உதவாது.

முதல் ட்ரேயில் அன்றாடம் வேலை செய்யும் டிஸ்க் இருக்கட்டும். இரண்டாவது ட்ரேக்கு இரண்டு பிரதி டிஸ்க் வாங்கி, ஒன்றில் ‘ஒற்றை’, மற்றொன்றில் ‘இரட்டை’ என்று எழுதி ஒட்டுங்கள். ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படைத் தேதியில் மற்றொன்று. கடை கட்டும் நேரத்தில் அன்றைய கணக்கைப் பிரதி எடுத்து, திரையில் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே இழுக்க வேண்டும். முதல் ட்ரேயில் உள்ளதைக் கணிப்பொறி ஓடும்போது ஒருபோதும் இழுக்கக் கூடாது. உள்ளே தகடு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்காக இருந்தால், சுழற்சி அடங்க அரை நிமிடம் பொறுத்து எடுங்கள். எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் பதிவு மங்கக்கூடும். ஆகவே தினசரிச் சுற்றுக்கு எஸ்.எஸ்.டி.யும், ஆண்டுக் கணக்கை முடித்துப் பத்திரப்படுத்த ஹார்டு டிஸ்க்கும் ஏற்றவை. வழியில் தொலைந்தால் அடுத்தவர் படிக்காதபடி டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு பூட்டுப் போடுவதும், மாதம் ஒருமுறை பிரதி திறக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். பழுது என்றால் கணிப்பொறியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். நமது கொள்முதல் விலை, லாபம், வாடிக்கையாளர் பெயர், பாக்கி அத்தனையும் அதனுடன் போகிறது. பூட்டு ரிப்பேருக்குக் கல்லாவைப் பணத்தோடு யாராவது கொடுப்பார்களா? ட்ரே இருந்தால் கணிப்பொறியை நிறுத்தி, டிஸ்க்கை உருவி வைத்துக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுக்கலாம்.

இன்டர்நெட் வழியாக வெளியிடத்தில் சேமிப்பது போதாதா என்று கேட்கலாம். வசதி உள்ளவர்கள் அதையும் செய்யட்டும், நல்லதே. ஆனால் இணைப்பு இல்லாத நாளில் அது கைக்கு எட்டாது. சந்தா நின்றால் அதுவும் நிற்கும். கூடுதலாக இரண்டு டிஸ்க் வாங்குவது செலவுதான். ஒரு மாதப் பற்றுக் கணக்கை இழந்தால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அவரவர் முடிவு செய்யலாம்.

நமது சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒரு விடுமுறை நாளில் உறுப்பினர்களுக்கு இந்தச் செய்முறையை நேரில் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்து, இதே ட்ரே உள்ள கணிப்பொறி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். கணிப்பொறி பழுதான உறுப்பினர், பிரதி டிஸ்க்கை அங்கே செருகிப் பாக்கி விவரம் எடுக்கவும் ரிட்டர்ன் தயாரிக்கவும் அது உதவும். வரும் பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.